ஹெரால்டும் நாலு சக்கரக் காற்றும்

காஞ்சிபுரத் தேர் ராஜ வீதி முனையில் திரும்புவது முட்டுக்கட்டை போடுபவர் கையில் இருக்கிறது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒழுங்காகத் திரும்புவது பாதிக்கு மேல் டயர் காற்றின் கையில். 1961 முதல் இங்கே வந்த இந்தக் காரின் பின்சக்கரங்கள் தனித்தனி அரை அச்சில் மேலும் கீழும் ஆடுபவை. வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்ளே மடங்கும், வண்டியின் வால் வெளியே வீசும். முன் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துப் பின்னால் கூட்டி வைப்பதே இதற்கு மலிவான மருந்து. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் அதிகம் நெளியும். முன்பக்கம் முதலில் பிடி தளர்ந்தால் கார் அகலமாகத் திரும்புமே தவிரச் சுழலாது. இதே வகை அச்சுள்ள 1960 செவ்ரலே கார்வேருக்கு முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு என்று நிறுவனமே சொன்னது.

வடிவமைப்பின் குறையைக் காற்றால் மூடுவதா என்று கேட்கலாம். கார்வேரை 1965இல் அமெரிக்க நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் சாடியதில் இதுவும் ஒன்று, நியாயமான சாடல்தான். ஹெரால்டுக்குப் பின் 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் அந்த அச்சையே கைவிட்டது. ஆனால் இன்று ஹெரால்டின் அச்சை மாற்றினால் அது ஹெரால்டே அல்ல. ரேடியல் டயர் போட்டால் போதாதா? நாலிலும் போடலாம், முன்னால் மட்டும் போட்டுப் பின்னால் பழைய வகையை விட்டால் வால் இன்னும் மோசமாக வீசும். எந்த வகையானாலும், பட்டன் தேயாத டயரும் வயதானால் இறுகிவிடும். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரகடம் வழியாக வெயிலில் ஓடி வந்த டயர் காற்றைக் கூடுதலாகவே காட்டும் என்பதால், காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளக்க வேண்டும்.