பத்து ரூபாய் அளவுகோல்

இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறு வைப்பாற்றோடு கலக்கிறது. ஆடி வெள்ளியில் மக்கள் வெள்ளம் அங்கே திரண்டு, மாரியம்மனிடம் அருள் வேண்டி நிற்கிறது. அதே ஆற்றின் கரையிலே, மேற்கே வெம்பக்கோட்டையில், 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிற்று. சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், கண்ணாடி மணிகள் வெளிப்பட்டன. வைப்பாற்றங்கரைத் தமிழன் தொழிலறிந்து வாழ்ந்தான் என்பதற்கு அவை சான்று!

அச்சான்றைக் காக்கச் சட்டம் இல்லையா? உண்டு. வெள்ளையர் ஆட்சியில் 1878-இல் பிறந்த புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியரிடம் அறிவிக்கச் சொல்கிறது. பொற்காசு கண்டவன் அஞ்சுவான். பானை ஓடு கண்டவன் வீசி எறிவான். உடைந்த ஓட்டுக்குச் சந்தையில் விலை ஏது? ஆனால், கீழடியில் தமிழரின் எழுத்தறிவை உலகுக்கு உரைத்தது ஓட்டிலே கீறிய எழுத்தன்றோ!

1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் தொன்மையையே மதிப்பாகக் கொண்டது, வரவேற்கிறோம். எனினும் அது இடும் வேலி, அரசு அறிவிக்கை செய்த இடங்களைச் சுற்றியே. அறிவிக்கை வருமுன் மேட்டைச் சமன் செய்து மண்ணைச் சூளைக்கு அனுப்பிவிட்டால், வேலி எதைக் காக்கும்?

கரையோர மேடுகளைக் கணக்கெடுத்து ஊராட்சிதோறும் பட்டியல் வைக்கட்டும். மண் அள்ள ஒப்புதல் தருமுன் அதிகாரிகள் அதைப் பார்க்கட்டும். ஓட்டின் அருமையைப் பள்ளிப் பிள்ளை அறியட்டும். புதையலைப் பூதம் காக்கும் என்ற கதை போதும். நம் வரலாற்றுக்கு நாமே காவல்!