எண்ணிக்கைக்குள் வராத வினை: வளைகுடாத் தலைமையும் செயல்நெறிக் குறியீட்டு ஆய்வும்

அரசியல் தலைவர் ஒருவர் எந்த நம்பிக்கைகளின்மேல் நின்று முடிவெடுக்கிறார் என்பதை அவர்தம் சொற்களிலிருந்தே அறியலாம் என்னும் துணிபை, சோவியத் தலைமைக்குழு பற்றி நாதன் லெய்ட்ஸ் 1951இல் எழுதிய நூல் முன்வைத்தது. அலெக்சாண்டர் ஜார்ஜ் 1969இல் அதனைப் பத்து வினாக்களாக ஒழுங்குபடுத்தினார். அரசியல் உலகு பகைமையுடையதா இணக்கமுடையதா என்பது அவற்றுள் முதலாவது. 1998இல் ஸ்டீபன் வாக்கரும் உடனாய்வாளரும் வினைச்சொற்களை எண்ணும் முறையை வகுத்தனர். பேசுவோர் தமக்கும் பிறர்க்கும் ஏற்றிக்கூறும் வினை வாக்குறுதியா, அச்சுறுத்தலா, தண்டனையா என்று வகைப்படுத்திக் கணக்கிடுவது அம்முறை. இன்று அதனைக் கணினியே செய்கிறது.

வளைகுடாவில் இது எவ்வளவு தூரம் செல்லும்? 1976ஆம் ஆண்டு நிகழ்வொன்றே போதிய சோதனை. ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் தலைவர் ஷேக் சாயித், ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் நிலையில், மீண்டும் அப்பொறுப்பை ஏற்கப்போவதில்லை என அறிவித்தார். 1971ஆம் ஆண்டு இடைக்கால அரசமைப்பு இயற்கை வளங்களை அந்தந்த அமீரகத்தின் உடைமையாகவே விட்டிருந்தது. கூட்டாட்சிச் செலவின் பெரும்பங்கை அபுதாபியே சுமந்தது. சுமப்பவரே விலகினால் எஞ்சுவது யாது? பாதுகாப்பு, உளவு, குடிவரவு, எல்லைக் காவல் ஆகியவற்றில் கூட்டாட்சிக்குக் கூடுதல் அதிகாரம் தர ஏனைய ஆட்சியாளர் இசைந்தனர், அவரும் தொடர்ந்தார்.

அவ்வறிவிப்பில் அச்சுறுத்தல் இல்லை, வாக்குறுதியும் இல்லை. பிறரை இலக்காகக் கொண்ட வினையே இல்லை. செயப்படுபொருள் குன்றா வினைகளையே முதன்மையாக எண்ணும் கருவிக்கு அவருடைய மிக வலிய செயல் ஏறத்தாழ வெற்றிடமாகவே தோன்றும். மேலும், எண்ணப்படுபவை பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வினைகள். அங்கே அளக்கப்படுவது தலைவரின் நம்பிக்கையா, மொழிபெயர்ப்பாளரின் சொல்தெரிவா என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

மஜ்லிஸில் முடிவெடுக்கும் மரபில் மேடைப்பேச்சு பெரும்பாலும் முடிவுக்குப் பின்னரே வருகிறது. பொருட்பாலில் வள்ளுவர் குறிப்பறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்திருப்பது தமிழாய்வாளர்க்கு இங்கு நினைவுக்கு வரும். அமைச்சர் படிக்க வேண்டியது கூறப்படாததை.

ஜார்ஜின் வினாக்களைக் கைவிட வேண்டியதில்லை. விடைகளைச் செயலிலும் தேடலாம். 1966இல் அபுதாபியின் ஆட்சிப் பொறுப்பேற்குமுன் அல் ஐன் பகுதியை நிருவகித்த சாயித், ஃபலஜ் எனும் நிலத்தடி நீர்க்கால்களைச் செப்பனிட்டு நீருரிமையையும் சீரமைத்தார். வளத்தைப் பகிர்ந்தே தலைமையை நிறுவலாம் என்னும் கருத்தை அங்கேயே காணலாம். 1976இன் விலகல் அறிவிப்பு அதன் மறுபக்கம்.

அன்று கூட்டாட்சியின் கைக்கு வலுவாகச் சென்றவற்றுள் குடிவரவும் ஒன்று. துபாயிலும் ஷார்ஜாவிலும் வாழும் தமிழர் ஒவ்வொருவரின் விசாவும் அதற்குள் அடங்கும். அவ்வறிவிப்பின் அரபு மூலத்தை அக்கால அரபு நாளேடுகளோடு ஒப்பிட்டுப் படிப்பது இத்துறையில் நம் ஆய்வாளர் தொடங்கத்தக்க முதற்பணி.