மஞ்சள் கடுதாசி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'ஏழை படும் பாடு' பார்த்தேன். 1950-ல் வந்த நாகையா படம். விக்தர் ஹ்யூகோவின் 'லே மிஸரபிள்' நாவலை சுத்தானந்த பாரதியார் இதே பெயரில் தமிழில் தந்தார். அந்தக் கதைதான். துரத்தித் துரத்திப் பிடிக்கும் இன்ஸ்பெக்டராக வந்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் ஆகிவிட்டார். ஒட்டிக்கொண்டதில் அவருக்குப் பெருமை. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

படத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்க வைத்தவன் எங்கள் தெரு பால் பூத்காரரின் பையன். பி.காம். முடித்தவன், நம்ம ஜாதி! கையில் ஒரு ஃபாரத்தோடு வந்தான். ஒரு தனியார் கம்பெனி வேலை, இன்டர்வியூ முடிந்துவிட்டது. 'நீங்கள் எப்போதாவது குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா?' ஆம், இல்லை, ரெண்டு கட்டம்.

பத்தொன்பது வயசில் பஸ் ஸ்டாப்பில் ஒரு தள்ளுமுள்ளு. பெட்டி கேஸ். "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு தம்பி, எதுக்குக் கோர்ட்டுக்கு அலையறே?" என்று அங்கே யாரோ நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார்கள். கட்டினான். அன்று சாயங்காலமே மறந்தும் போனான்.

"சார், ஆமான்னு போட்டா வேலை கிடைக்காது. இல்லைன்னு போட்டா வேலை கிடைச்சு அப்புறம் போயிடும். எதைப் போட?"

எனக்குச் சட்டென்று ஹ்யூகோதான் ஞாபகம் வந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் பாதிரியாரையும் வெள்ளி விளக்கையும்தான் சொல்வார்கள். திருடிய வெள்ளியோடு பிடிபட்டவனிடம், "இதையும் கொடுத்தேனே, ஏன் விட்டுட்டுப் போனே?" என்று விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கொடுப்பாரே, அந்தக் காட்சி. அழாமல் பார்க்க முடியாது. ஆனால் கணக்கு படித்த புத்திக்கு நாவலில் வேறொரு இடம்தான் உறைக்கிறது. ரொட்டி திருடி, நடுவில் தப்பிக்கப் பார்த்து, மொத்தம் 19 வருஷம் கழித்து வெளியே வருகிறான் ழான் வால்ழான். கையில் மஞ்சள் பாஸ்போர்ட். ஒரு இடத்தில் மூட்டை இறக்குகிறான். நல்ல வேலைக்காரன், முதலாளிக்கும் திருப்தி. நடுவில் போலீஸ்காரர் வந்து காகிதத்தைக் கேட்கிறார். சாயங்காலம் மற்றவர்களுக்குப் பேசிய கூலி இவனுக்கு இல்லை. குறைத்துக் கொடுத்து, "உனக்கு இது போதும்" என்கிறார் முதலாளி. அதே மூட்டை, அதே முதுகு. காகிதத்துக்காக ஒரு டிஸ்கவுண்ட்!

இன்னொன்றும் பாருங்கள். இதே ஆள் பிறகு தொழிற்சாலை வைத்து, மேயர் ஆகிறானே, எப்படி? அந்த ஊருக்குள் அவன் நுழைந்த நேரம் தீ விபத்து. உள்ளே பாய்ந்து ஜெண்டார்ம் கேப்டனின் ரெண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். அந்த அமளியில் காகிதம் கேட்க எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. அவ்வளவுதான். பாதிரியார் மனசை மாற்றினார், சரி. அவனுக்குப் பிழைப்பைக் கொடுத்தது 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' தவறிப்போனதுதான்.

அதற்கப்புறம்தான் ஹ்யூகோ குத்துகிறார். இவன் தொழிற்சாலையிலேயே ஃபான்டீன் என்ற பெண்ணுக்கு, கல்யாணமாகாமல் ஒரு குழந்தை இருப்பது தெரிந்து சீட்டைக் கிழிக்கிறார்கள். முதலாளிக்கே தெரியாது. ஆனால் 'ஒழுக்கம் முக்கியம்' என்ற விதி முதலாளி போட்டதுதான். பழைய காகிதத்தால் அடிபட்டவனே நாற்காலியில் உட்கார்ந்ததும் அடுத்தவளின் பழசைக் கேட்கிற விதி போடுகிறான்! நாவலில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான்.

நம் உச்ச நீதிமன்றத்துக்கும் இவனைத் தெரியும். டெல்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது பழைய அடிதடி வழக்கை மறைத்த ஒருவரின் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். வழக்கு சமரசமாகி விடுதலையானவர்தான். சம்பவத்தின்போது வயது சுமார் 20. 2011-ல் அவர் பக்கம் தீர்ப்பு எழுதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ழான் வால்ழானைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் இன்னும் விரிவாகச் சொன்னார்கள்: சின்ன வயசில் கோஷம் போட்டது மாதிரி அற்ப விஷயங்களை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் தன் விருப்பப்படி கண்டுகொள்ளாமல் விடலாம்.

'விருப்பப்படி', 'விடலாம்'. அதாவது, ஆபீஸில் ஒரு பாதிரியார் இருந்தால் உண்டு. ஜாவர் இருந்தால்?

நம்ம ஊர் போலீஸ் தேர்வு விதியில் ஒரு விளக்கம் உண்டு. சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பல்டியடித்ததால் விடுதலையானாலும், கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே கணக்கு. 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதைச் செல்லும் என்றது. கோர்ட் விட்டுவிட்டது, ஃபாரம் விடவில்லை!

கூட்டமாகச் சிக்கினால் கதை வேறு. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளையும், ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளையும், சில விலக்குகளோடு வாபஸ் வாங்குவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. நல்ல காரியம். அந்த ஏப்ரலில் தேர்தல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாப்பில் தனியாகச் சிக்கியவனுக்கு எந்தத் தேர்தல் வரும்?

முதலாளி பக்க நியாயமும் இருக்கிறது. கையாடல் செய்தவனைக் கேஷியராகப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு யாரை எடுக்கிறோம் என்று துருவித்தான் ஆகவேண்டும். ஆனால் தள்ளுமுள்ளுக்கும் லெட்ஜருக்கும் என்ன சம்பந்தம்? பிரிட்டனில் 1974-லேயே சட்டம் போட்டார்கள். சிறிய தண்டனையாக இருந்து, குறிப்பிட்ட காலம் மறுபடி சிக்காமல் இருந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு 'இல்லை' என்றே எழுதலாம். அது பொய் ஆகாது. நம்மிடமும் 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதன்படி விடப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-வது பிரிவு. "ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு தம்பி" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

'மஞ்சள் கடுதாசி' என்றால் நம் ஊரில் திவால் நோட்டீஸ். காலேஜில் இன்சால்வன்சி கணக்கு போட்டே எனக்கு விரல் தேய்ந்தது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கவிழ்ந்தவனுக்கும் 'டிஸ்சார்ஜ்' என்று ஒரு உத்தரவு உண்டு. பெரும்பாலான பழைய கடன்கள் அத்தோடு தீரும், புதுக் கணக்கு தொடங்கலாம். சில நூறு ரூபாய் ஃபைன் கட்டியவனுக்கு அந்த டிஸ்சார்ஜ் எங்கே என்று தேடுகிறேன்.

பையனிடம் 'ஆம்' போடச் சொன்னேன். நடந்ததை நாலு வரியில் எழுதி, ஃபைன் ரசீதையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். ஒரு மாசம் ஆகிறது. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. காலையில் பூத்தில் அவன்தான் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறான். நான் சில்லறையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.