கடைக்கார் ஓட்டியவர்கள்

பாசிர் பெனம்பாங்கில் ஆற்றுப் பாலம் ஏறி, கிள்ளான் பக்கமாகத் தெற்கே போனால் ஷா ஆலாமை ஒட்டி பத்து தீகா வரும். 1968-இல் அங்கே திறந்த பந்தயத் தடத்தில்தான், 1999-இல் செப்பாங் வரும்வரை, மலேசியாவின் பெரிய கார் பந்தயங்கள் நடந்தன. இப்போது அங்கே குடியிருப்புகள்.

அதற்கு முந்தைய தலைமுறைக்குத் தனித் தடம் என்பதே அபூர்வம். சிங்கப்பூரில் தாம்சன் சாலையை அடைத்து ஓட்டினார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையே பந்தயக் களம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே போட்டிகளை நடத்தியது. குடும்பங்கள் ஏறிப்போகும் பியட்டும் ஹெரால்டும் எஞ்சின் மாற்றம் கண்டு அங்கே சீறின. வெளிநாட்டு உதிரிபாகம் எளிதில் கிடைக்காத காலம் அது. பட்டறையில் கை கறுத்தவரின் திறமைதான் வண்டியை நகர்த்தியது. ஓட்டியவர்களின் பெயர்கள் நின்றுவிட்டன. அந்த மெக்கானிக்குகளின் பெயர்களையும் தேடிச் சேர்ப்பது நம் கடமை.

கடையில் விற்கும் காரையே பந்தயத்துக்குத் தயார்செய்யும் இந்த முறை, அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' என்று தனி விளையாட்டாகவே வளர்ந்தது. அதில் மறக்கக் கூடாத மனிதர் வெண்டல் ஸ்காட். 1921-இல் வர்ஜீனியாவின் டான்வில்லில் பிறந்த கறுப்பினத்தவர். போரில் ராணுவ மெக்கானிக், ஊரில் டாக்ஸி ஓட்டுநர். தன் காரைத் தானே பழுதுபார்த்து ஓட்டினார். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் முதலாவதாக வந்தார். ஆனால் வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர் என்ற வெள்ளையர். கூட்டம் கலைந்த பிறகு, சில மணி நேரம் கழித்துத்தான் ஸ்காட் வென்றதாக ஒப்புக்கொண்டார்கள். ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் உயர்மட்டப் பந்தயங்களில் 495 முறை களமிறங்கிய அவருக்கு அந்த ஒரு வெற்றிதான். 1990-இல் இறந்தார், அவர் குடும்பத்துக்கு அந்த வெற்றியின் கோப்பை கிடைத்தது 2021-இல். இந்த அநீதியை நிர்வாகத் தவறு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

சோழவரத்தின் பரம்பரை கோயம்புத்தூரில் தழைத்தது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து 1980களின் பிற்பகுதியில் 'பார்முலா மாருதி' கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயத்துக்குள் நுழைய அதுவே வாசல். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தது பேரிழப்பு.

அந்த வாசல் வழியே வந்தவர் நரேன் கார்த்திகேயன். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியரானார் நரேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஸ்காட்டின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவில், மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்கார் டிரக் பந்தயம் ஒன்றில் ஓட்டி 13-ஆவதாக வந்தார். அந்தப் பிரிவின் ரசிகர்கள் 2010-இன் அபிமான ஓட்டுநராக இந்தக் கோவைக்காரரையே தேர்ந்தெடுத்தார்கள்.