ஆறு மணி முதல் பத்து மணி வரை

விடுதியில் துணை வார்டனாக இருந்த இரண்டு ஆண்டுகளும் மாலையில் கைபேசிகளை வாங்கி அலமாரியில் பூட்டுவது என் வேலை. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். "எங்க படிப்புக்காகத்தானே மேம்" என்று மாணவிகளே எனக்குச் சமாதானம் சொன்னதுண்டு. பிறகு, கேரள உயர் நீதிமன்றத்தின் ஃபஹீமா ஷிரின் தீர்ப்பை வாசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தவை அந்தப் பிளாஸ்திரிகள்தான்.

கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி. மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைபேசி கூடாது என்பது விதி. இளங்கலை ஆங்கிலம் படித்துவந்த ஃபஹீமா இதை ஏற்க மறுத்தார், விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றார்.

இந்தத் தீர்ப்பைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் கல்வி என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு கருத்தரங்கில் நானும் அப்படித்தான் பேசினேன். இப்போது அது போதவில்லை. படிப்புக்காகத்தான் கைபேசி என்றால், படிக்கிறேன் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்னூல், காணொளிப் பாடம் என்று கணக்குக் காட்ட வேண்டும். தோழியோடு அரட்டை அடித்தாள், பாட்டுக் கேட்டாள், காதலனிடம் பேசினாள் என்றால் உரிமை போய்விடுமா? பையன்களிடம் யார் இந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்? எனக்குத் தீர்ப்பின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. விடுதி மாணவிகள் வயது வந்தவர்கள், எப்போது, எப்படிப் படிப்பது என்று முடிவெடுக்கக் கூடியவர்கள். கல்லூரியும் பெற்றோரும் இதை உணர வேண்டும் என்கிறார் நீதிபதி. 'பெற்றோரின் கவலை' என்றதும் நிர்வாகங்கள் (நானும்தான்) வாயடைத்து நிற்கும் இடத்தில் இதைச் சொல்வது சின்ன விஷயமல்ல.

ஆறு மாதத்தில் ஊரடங்கு வந்தது. படிப்பைக் கெடுக்கும் என்று பிடுங்கி வைத்த கருவியே வகுப்பறை ஆனது. 2020 தேசியக் கல்விக் கொள்கையின் 24ஆம் அத்தியாயம் இணையவழிக் கல்வி பற்றியது. டிஜிட்டல் இடைவெளியைக் குறைக்க மலிவான கருவிகள், தொலைக்காட்சி, வானொலி என்று வழி சொல்கிறது. வீட்டுக்குள் வந்த கருவி யார் கையில் இருக்கும் என்று கேட்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்தான். இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

என் இணைய வகுப்புக்கு ஒரு மாணவி வரவே மாட்டாள். அண்ணன் வேலை முடிந்து வந்த பிறகுதான் அவளுக்குப் போன் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சந்தேகங்களைக் குரல் பதிவாக அனுப்புவாள், கிசுகிசுத்த குரலில். பதில் அனுப்புவேன். வருகைப் பதிவில் மட்டும் கடைசிவரை அவளுக்கு 'வரவில்லை' என்றுதான் போட்டேன். விதி அது.