பிடரிக் குட்டைமுடி

எத்தனை இறுக்கிச் சடை போட்டாலும் பின்னங்கழுத்து ஓரத்துக் குட்டைமுடி மட்டும் பின்னலுக்குள் நிற்காது. அது நீளமாக வளர்வதே இல்லை. காதுக்குப் பின்னால் தொடங்கிப் பிடரி முழுக்கச் சுருண்டு நிற்கும்.

எங்கள் அம்முச்சி அதைப் படிய வைக்கும் அழகே தனி. மார்கழிக் காலையில் காங்கயத்துச் செக்குத் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும். விரலால் வழித்து, உள்ளங்கைச் சூட்டில் உருக்கி, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் சேர்ப்பார். முடி படிந்து நிற்க அந்தப் பிசுபிசுப்புதான் பிடிமானம். "தலையக் குனி கண்ணு, ஆட்டாத" என்று சொல்லிக்கொண்டே, பேன்சீப்பின் நெருக்கமான பல்லால் கீழிருந்து மேலாக, தோலைத் தொட்டும் தொடாமலும் வாருவார். மிஞ்சிய இரண்டொரு இழையைக் கட்டைவிரலால் அழுத்திவிடுவார். அதற்குப் பிறகுதான் சத்தியமங்கலம் மல்லி. இன்று கோவைக் கடைகளில் ஜெல், ஸ்ப்ரே என்று என்னென்னவோ கிடைக்கிறது. அந்தக் கைப்பதம் எதிலும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சடை போடுகிறவர்களுக்கு ஒன்று: குட்டைமுடியை அடக்குவதற்காகப் பின்னலை இறுக்காதீர்கள். நாள்தோறும் இழுபட்டால் அந்த ஓரத்து முடி கொட்டிப்போகும். எண்ணெயும் சீப்பும் போதும்.