வீட்டுப் பெட்டியும் கனடாப் பிரதியும்

பாட்டையும் வீடியோவையும் வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் போட்டு வைத்து, ஜெலிஃபின், நவிட்ரோம் மாதிரி இலவச மென்பொருள் வழியாகப் போனிலும் ரீவியிலும் எடுத்துக் கேட்பது கணினி தெரிந்த பிள்ளைகளின் புதுப் பைத்தியம். மாதச் சந்தா இல்லை, விளம்பரம் இல்லை, இடையில் யாரும் பாட்டைப் பிடுங்க முடியாது என்கிறார்கள். மூன்றும் உண்மைதான். 2019 ஏப்ரலில் சரிகம நிறுவனம் ஸ்பொட்டிபையுடன் வழக்காடித் தன் பாடல்களை இந்தியச் சேவையிலிருந்து எடுப்பித்தது. அடுத்த வருடம் உடன்பாடு வந்த பிறகே அவை திரும்பின.

ஆனால் கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் இருந்து யோசிக்கிறவருக்கு வேறொரு கேள்வி முன்னுக்கு வரும்: வீட்டில் வைத்தால் பத்திரமா? 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் போருக்குத் தப்பி இங்கிருந்து கிளம்பிய சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமானைக் கைவிட்டபடிதான் முள்ளிவாய்க்கால் வரை போனது. கசெற்றும் கல்யாண அல்பமும் முதலில் போனவை. மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடே இல்லை, பிறகெங்கே பாட்டுப்பெட்டி? தப்பிய சாமத்தியவீட்டு வீடியோக்கள் எவையென்று பார்த்தால், முன்பே கனடாவுக்கும் சுவிசுக்கும் உறவினர் பார்க்கவென்று அனுப்பியவைதான். பாதுகாப்புக்கென்று யாரும் அனுப்பவில்லை, பெருமைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெருமை காப்பாற்றியதைப் பூட்டிய அலுமாரி காப்பாற்றவில்லை.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கிற பழைய கணினியை நாள் முழுக்க ஓடவிட்டால் மாதம் 43 அலகு. வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 என்று படியேறுவதால், 50 அலகோடு நின்ற வீடு இந்தக் கணினியாலேயே 90ஐத் தாண்டிவிடும். 5 வாட் அளவில் ஓடுகிற ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி என்றால் மாதம் 4 அலகுக்குள் முடியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட ஊருக்கு மின்வெட்டு பெரிய விசயமில்லை; 2022 மார்ச்சில் 13 மணி நேரம் இருட்டில் இருந்ததும் பழகிப்போனது. சிக்கல், கோப்பு எழுதப்படுகிற நேரத்தில் கரண்ட் போவது. மெமரி கார்டு பழுதாக அது ஒருதரம் போதும்.

மென்பொருளின் மூளை வேறு ஊரில் செய்தது. சாமத்தியவீட்டு வீடியோவை வீட்டு வீடியோ என்று தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், ஜெலிஃபின் பெயர் ஒத்த ஏதோ ஒரு படத்தின் போஸ்டரை அதன் தலையில் ஒட்டிவிடக்கூடும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பதிந்த கசெற்றை ஏற்றினால் அல்பம் எது, ஆர்ட்டிஸ்ட் யார் என்று கேட்கும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரை எந்தக் கட்டத்தில் போடுவது? எம்.ஜி.ஆர் பாட்டு என்று தேடுகிற அப்பாவுக்கும் ஒன்றும் அகப்படாது. கோப்பில் இருப்பது பாடியவர் பெயர், வாயசைத்தவர் பெயரில்லை. இதையெல்லாம் கையால்தான் திருத்த வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான விலை அந்த வேலைதான்.

அதனால்தான் சினிமாப் பாட்டுக்காக இந்தப் பாடு படுவதில் எனக்கு உடன்பாடில்லை. இளையராஜா பாட்டு உலகெங்கும் ஆயிரம் இடத்தில் கிடக்கிறது, வட்டக்கச்சியில் இன்னொரு பிரதி இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பம்மாவின் ஒப்பாரி, கோயில் வில்லுப்பாட்டு, வெளிநாட்டு மாமாவுக்குப் பேசி அனுப்பிய கசெற் ஆகியவை வேறெங்கும் இல்லை. ஒரு மணி நேரக் கசெற்றைத் தரம் குறையாமல் பதிந்தாலும் ஏறக்குறைய 300 மெகாபைட்தான் வரும். ஊரிலுள்ளதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கும்.

அந்த டிஸ்க்குக்கு இரட்டைப்பிள்ளை வேண்டும், அது ஊரில் இருக்கக்கூடாது. இணையம் வழியாக அனுப்பலாம் என்றால், போன் கம்பனி ரவுட்டரில் பெரும்பாலும் பொது ஐபி முகவரி கிடைக்காது, வெளியிலிருந்து வீட்டுக் கணினியை எட்டத் தனி ஏற்பாடு தேவை. லீவில் வந்து திரும்புகிறவரின் சூட்கேசில் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுவது அதைவிடச் சுலபம். கூத்து, வில்லுப்பாட்டு மாதிரிப் பொதுவானவற்றை, 2005இல் தொடங்கிய நூலகத் திட்டத்தின் ஆவணகத்துக்கும் கொடுக்கலாம். சாமத்தியவீட்டு வீடியோவைக் கொடுக்க முதல் அதிலிருக்கிற பிள்ளையைக் கேட்க வேண்டும். அவளுக்கு இப்போது நாற்பது வயதிருக்கும், விருப்பமில்லை என்று சொல்லவும் கூடும்.